அப்பா ஒன்று, நான் இரண்டு

எல்லோருக்கும் வணக்கம். என்ன நடந்தது, எப்படி நடந்தது என்று மறுபடி எழுதத் தெம்பில்லை. இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அந்த மூன்று மாதமும் எங்களோடுதான் கிடந்தீர்கள். என் ஈரலில் ஒரு பங்கை வாங்கிக்கொண்ட அப்பா நேற்று டிஸ்சார்ஜ் ஆகிவிட்டார். கொடுத்த நான் ஆறாம் நாளே வெளியே வந்துவிட்டேன். மருத்துவமனைக்குப் பக்கத்தில் எடுத்த வாடகை வீட்டில் அப்பாவுக்கு ஓர் அறை, எனக்கு ஓர் அறை, நடுவில் அம்மா கஞ்சிப் பாத்திரத்தோடு.

நன்றி சொல்லலாம் என்று உட்கார்ந்தால் முதலில் நினைவுக்கு வருகிற முகம் டாக்டருடையது இல்லை (அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்). பிசியோதெரபிக்கு வந்த ஒரு பெண். இருபத்து நாலு வயதுதான் இருக்கும். "பேரெல்லாம் போடாதீங்கக்கா" என்று சொல்லிவிட்டாள், அதனால் போடவில்லை.

ஈரல் கொடுக்கிறவர்களுக்கு வேறு ஒரு மாதிரித் தனிமை உண்டு. வீட்டு ஆட்கள் மொத்தமும் அந்தப் பக்கத்து ஐசியூ வாசலில் நிற்பார்கள். அது நியாயம்தான். நான் நோயாளியே கிடையாது, நன்றாக இருந்த உடம்போடு என் காலில் நடந்துபோய்ப் படுத்தவள். கண் விழித்ததும் அப்பாவைத்தான் கேட்டேன். "நல்லா இருக்கார்" என்றார் நர்ஸ். டியூட்டி டாக்டரும் அதையே சொன்னார், என் கணவரும் அதையே சொன்னார். மூன்று பேரும் ஒரே மாதிரி சொன்னதில்தான் எனக்குப் பயமே வந்தது.

மறுநாள் காலை இவள் வந்தாள். கையில் மூன்று பந்து போட்ட பிளாஸ்டிக் டப்பா, மூச்சை உள்ளே இழுத்துப் பந்தைத் தூக்குகிற பயிற்சிக்குக் கொடுப்பார்களே, அது. இவளிடமும் கேட்டேன். "இன்னும் மூச்சு டியூப் எடுக்கலைக்கா, நாளைக்கு எடுக்கலாம்னு பேசிக்கிட்டாங்க. எடுத்ததும் அவருக்கும் இதே டப்பாதான். அதுக்குள்ள நீங்க ஒரு பந்தாவது தூக்கிடுங்க" என்றாள். டியூப் எடுக்கவில்லை என்பது நல்ல செய்தி இல்லை. ஆனாலும் அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே சீராக வந்தது, ஏனென்றால் இவள் நிஜமாகவே அவரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

அன்றைக்கு வயிற்றை விட வலது தோள்பட்டைதான் உயிரை எடுத்தது. ஆபரேஷன் வயிற்றில், வலி தோளில் என்றால் யார் நம்புவார்கள். கேமரா உள்ளே போக வசதியாக வயிற்றில் கார்பன் டை ஆக்சைடை நிரப்பி உப்ப வைப்பார்களாம், அதில் மிச்சம் இருப்பது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற உதரவிதானத்தை உறுத்தினால் தோளில் வலிக்கும், நடந்தால் குறையும் என்று அவள்தான் சொன்னாள். சொன்னதோடு போகாமல் டிரெயின் பையைத் தன் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னல் வரை நடத்திக் கூட்டிப் போனாள். பதினோரு அடி, எண்ணினேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் வந்தவள் ஒன்றும் பேசவில்லை. மைக்ரோபோர் பிளாஸ்டரில் ஒரு துண்டு கிழித்து, பேனாவால் எழுதி, என் டப்பாவின் நெற்றியில் ஒட்டினாள்: "அப்பா 1, அக்கா 2." டியூப் எடுத்தாயிற்று. அப்பா முதலில் அதை உறிஞ்சுவதற்குப் பதில் ஊதியிருக்கிறார், பலூன் என்று நினைத்துவிட்டார் போல. நான் சிரித்து, தையல் இழுத்து, அழுது, எல்லாம் ஒரே நேரத்தில். அப்புறம் தினமும் ஸ்கோர்தான். தொற்று பயத்தால் அப்பாவின் அறைக்கு முதலில் போய்விட்டு மற்ற நோயாளிகளையும் முடித்துவிட்டுக் கடைசியாகத்தான் என்னிடம் வருவாள், அதுவரை நான் கதவையே பார்த்துக்கொண்டு கிடப்பேன். "ஒன்றரை." "இரண்டு, ஆனா ரெண்டாவது பந்து உடனே விழுந்துடுச்சு." அவரிடமும் என் கணக்கைச் சொல்லியிருக்கிறாள். மகளிடம் தோற்க அவருக்கு எந்தக் காலத்திலும் பிடிக்காது, அது அவளுக்கு எப்படித் தெரிந்ததோ. அவளுடைய வேலைப் பட்டியலில் இது எதுவும் கிடையாது. அந்தப் பிளாஸ்டர் துண்டுகளையெல்லாம் என் ஆதார் அட்டையின் உறைக்குள் வைத்திருக்கிறேன்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். ரத்தம் கொடுக்க வரிசையில் நின்ற தம்பியின் கல்லூரிப் பையன்கள், பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயரில் இருந்த எழுத்துப் பிழையால் எங்கள் உறவையே நிரூபிக்க வேண்டியிருந்தபோது ஊரில் அலைந்து காகிதம் வாங்கித் தந்த சித்தப்பா, லீவு தீர்ந்த பிறகும் வாயைத் திறக்காத ஆபீஸ், என் மகனை இருபது நாளாக வைத்துக்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டு அக்கா. கொழுப்பு ஈரல், ஆறு கிலோ குறைத்தால்தான் எடுப்போம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து விடிகாலையில் என்னைப் புதாற்றங்கரையில் நடக்கத் துரத்தி, திரும்பி வந்ததும் கொள்ளு ரசத்தை நீட்டிய என் மாமியார். "பொம்பளைப் பிள்ளை வயித்தையா கிழிக்கிறது" என்று பெரியப்பா குதித்தபோது, "அவ வயிறு, அவ அப்பா" என்று ஒரே வரியில் முடித்ததும் அவர்தான்.

கிழிக்கவும் இல்லை, பெரியப்பா. கேமராவும் கருவிகளும் போன சின்னத் துளைகள் ஐந்து. ஈரலின் வலது பக்கத்தை, மொத்தத்தில் 64 சதவீதம், ஒரு பைக்குள் போட்டு அடிவயிற்றின் வழியாக எடுத்தார்கள். என் பழைய சிசேரியன் தழும்பின் மேலேயே வெட்டியிருக்கிறார் டாக்டர். என் மகன் வந்த வழியிலேயே அப்பாவுக்கான ஈரலும் போயிருக்கிறது. அப்பாவுக்குத்தான் பெரிய வெட்டு, பென்ஸ் கார் சின்னம் மாதிரி. வாழ்நாளில் டிவிஎஸ் 50-ஐத் தாண்டாத மனுஷன்.

1998-இல் டெல்லியில் காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்றுக்கு அதன் தகப்பனார் ஈரல் கொடுத்ததுதான் இந்தியாவில் வெற்றிபெற்ற முதல் ஈரல் மாற்று. அவருக்கு வயிற்றைத் திறந்துதான் எடுத்திருப்பார்கள். துளை போட்டு எடுத்ததைப் பாரிஸ் டாக்டர்கள்தான் முதன்முதலாக 2002-இல் எழுதி வெளியிட்டார்கள், அதுவும் குழந்தைகளுக்கு வைக்கிற சின்ன இடதுபக்கத் துண்டு மட்டும். வலது பக்கம் முழுவதையும் இப்படி எடுக்க அதற்கப்புறம் ஏறக்குறைய பத்து வருடம் ஆகியிருக்கிறது. படுத்தபடி இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன்.

அதற்காக "ஓட்டை ஆபரேஷன்தானே" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. வெளியே தெரியும் தழும்புதான் சின்னது, உள்ளே வெட்டுவது அதே ஈரலைத்தான். ரத்தக் குழாயும் பித்தநாளமும் தோதாக அமையாவிட்டால் இந்த முறை ஒத்துவராது. நடுவில் சிக்கல் வந்தால் திறந்துவிடுவோம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் உள்ளே கூட்டிப்போனார்கள். மிச்சம் இருக்கிற 36 சதவீதம் வளர்ந்துவிடும், சரி. ஆனால் இன்றைக்கும் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை.

அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். மருத்துவமனையில் இருக்கும் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளரிடம் என் நம்பரைக் கொடுத்து வைத்திருக்கிறேன். கொடுக்கலாமா வேண்டாமா என்று தூக்கம் வராமல் கிடக்கிறவர்கள் ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் எடுப்பேன். கொடுங்கள் என்று சொல்ல மாட்டேன். வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். தோள் வலிக்கும் என்று சொல்வேன். தழும்பைப் பார்க்க வேண்டும் என்றால் காட்டுவேன், பெண்களுக்கு மட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், தப்பாக நினைக்காதீர்கள். யாரும் பார்க்க வராதீர்கள். உடம்பு புது ஈரலைத் தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற மாத்திரை போடுகிறார் அப்பா, ஒரு சின்ன சளி கூட ஆகாது. பூவோ, வெட்டி வைத்த பழமோ வேண்டாம். போன் பண்ணுங்கள், ஆனால் இரண்டிலிருந்து நாலு வரை தூங்குவார். மற்ற நேரத்தில் எத்தனை பந்து என்று கேளுங்கள். இன்றைக்குக் காலை இரண்டேமுக்கால் என்கிறார். அப்படி ஒரு கணக்கே கிடையாது.