சிக்னல் நேரத்தைச் சைக்கிளுக்கும் சேர்த்து அளந்து வையுங்கள்

வேலூர் போக்குவரத்துக் காவல் அதிகாரிகளுக்கும் மாநகராட்சிப் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

சைக்கிள்காரர்கள் சிவப்பில் நிற்பதில்லை என்ற புகாரை, வேலூரில் சைக்கிள் ஓட்டுகிறவர்களும் சைக்கிள் கடை மெக்கானிக்குகளுமான நாங்கள் மறுக்கவில்லை. காட்பாடி சாலையிலோ ஆற்காடு சாலையிலோ காலை எட்டு மணிக்கு ஒரு சிக்னல் ஓரமாகப் பத்து நிமிஷம் நின்றால் யார் கண்ணிலும் படும். பால் கேன் கட்டியவர், பூக்கூடை வைத்தவர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்று எல்லோரும் இதில் உண்டு. இவர்களைப் பிடித்துத் திருத்துவதற்கு முன்னால் சிக்னலின் நேரக்கணக்கை ஒருமுறை சரிபார்க்க வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

ஒரு சந்திப்பில் நிறுத்தக் கோட்டிலிருந்து எதிர்ப்பக்கச் சாலையின் வாய் வரை 30 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பைக் மணிக்கு 36 கிலோமீட்டரில் வந்தால் மூன்றே நொடியில் கடந்துவிடும். சாதாரண சைக்கிளின் வேகம் மணிக்குப் பதினான்கு, பதினைந்து. நொடிக்கு 4 மீட்டர். அதே தூரத்துக்கு ஏழரை நொடி ஆகும். மஞ்சள் 3 நொடி, எல்லாப் பக்கமும் சிவப்பாக நிற்பது 2 நொடி என்றால் மொத்தம் 5. பச்சையின் கடைசி நொடியில், விதிப்படியே, கோட்டைத் தாண்டிய சைக்கிள் அந்த 5 நொடியில் 20 மீட்டர்தான் போயிருக்கும். இன்னும் 10 மீட்டர் பாக்கி இருக்கும்போதே குறுக்குச் சாலைக்குப் பச்சை விழுந்துவிடும்.

இதோடு இறங்கு எண் பலகையையும் சேர்த்துப் பாருங்கள். சிவப்பில் 3, 2 என்று எண் இறங்கும்போதே பைக்குகளும் ஆட்டோக்களும் கிளம்பிவிடுகின்றன. அப்படி 2 நொடி முன்னால் கிளம்பினால், எல்லாப் பக்கமும் சிவப்பு என்று நீங்கள் ஒதுக்கிய நேரம் முழுவதும் போய்விட்டது. அப்போது, மஞ்சளின் 3 நொடியில், சைக்கிள் 12 மீட்டர்தான் வந்து, சந்திப்பின் நட்டநடுவில் இருக்கும். தினமும் ஓட்டுகிறவருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனால் பச்சையில் கடைசியாகப் போனால் நடுவில் மாட்டிக்கொள்வோம் என்பது அனுபவத்தில் தெரியும். அதனால் சிவப்பிலேயே இடைவெளி பார்த்து முன்னால் நழுவுகிறார். செய்வது தப்புதான். ஆனால் அந்தத் தப்பின் வேர் நேர அமைப்பில் இருக்கிறது.

இன்னொரு காரணம் கிளம்பும் சிரமம். இங்கே சுமை ஏற்றி ஓடுவது பெரும்பாலும் 28 அங்குலச் சக்கர வண்டி. கியர் கிடையாது. பெடலோடு சுற்றும் செயின் வீலில் 44 பல், பின்சக்கரத்து ஃப்ரீவீலில் 18 பல் என்றால் பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி ஐந்து மீட்டருக்கு மேல் போகும். ஓட்டத்தில் இது வசதி. நின்ற இடத்திலிருந்து முதல் மிதி மிதிக்கும்போது மலை ஏறுகிற பாரம். கேரியரில் 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு இருந்தால் 40 கிலோ. முதல் மூன்று, நான்கு மீட்டருக்கு ஹேண்டில் பார் ஆடாமல் யாராலும் ஓட்ட முடியாது. அந்த ஆட்டத்துக்கு இடம் வேண்டும். வலப்பக்கம் பஸ், இடப்பக்கம் ஷேர் ஆட்டோ, பின்னால் ஆரன் என்று நெருக்கினால், கோட்டைத் தாண்டி நாலு அடி முன்னால் போய் நிற்பதுதான் அவருக்குப் பாதுகாப்பாகப் படும்.

எனவே எங்கள் முதல் கோரிக்கை: மோட்டார் வண்டிகளுக்கான நிறுத்தக் கோட்டை 4 மீட்டர் பின்னுக்குத் தள்ளி, அதற்கு முன்னால் சைக்கிள்கள் நிற்க ஒரு கட்டம் போடுங்கள். நடுவில் சைக்கிள் படம் வரையுங்கள். சாதாரண பெயிண்ட் வேண்டாம். நிறுத்தக் கோட்டின் மேல் எல்லா டயரும் தேய்த்துக்கொண்டு போவதால் சீக்கிரம் அழிந்துவிடும். சூடாக்கி ஊற்றும் தெர்மோபிளாஸ்டிக் இரண்டரை மில்லிமீட்டர் கனத்தில் வேண்டும். கட்டத்துக்குள் பைக் வந்து நின்றால் அபராதம் போட கேமராவும் நம்பர் பிளேட்டும் இருக்கின்றன.

இரண்டாவது, எல்லாப் பக்கமும் சிவப்பாக இருக்கும் நேரம். மேலே சொன்ன சந்திப்பில் இரண்டரை நொடி கூட்டினால் கணக்கு நேராகிவிடும். நான்கு பக்கத்துக்கும் சேர்த்து ஒரு சுற்றுக்கு 10 நொடி. 120 நொடிச் சுற்றில் இது பன்னிரண்டில் ஒரு பங்கு. பீக் அவரில் வரிசை நீளும் என்பது எங்களுக்கும் தெரியும். சிக்னல் கன்ட்ரோலரில் நேரத்துக்கு ஒரு திட்டம் ஏற்றலாம் என்பதால், பள்ளி தொடங்கும் நேரத்துக்கும் விடும் நேரத்துக்கும் மட்டுமாவது இதைச் செய்யுங்கள். சிவப்பு எண்ணில் கடைசி 5 நொடியை மறைத்துவிட்டால் முந்திக் கிளம்புவதும் குறையும்.

அமெரிக்காவில் ஐடஹோ மாநிலம், சைக்கிள்காரர் சிவப்பில் நின்று பார்த்துவிட்டு, வழி காலியாக இருந்தால் போகலாம் என்று சட்டம் போட்டது. அதை நாங்கள் இங்கே கேட்கவில்லை. பகல் நேரத்தில் கிரீன் சர்க்கிள் சந்திப்புப் பக்கம் வழி எங்கே காலியாகப் போகிறது? விடியற்காலை மட்டும் வேறு. பேப்பரும் பாலும் பூவும் போகிற நேரத்தில், ஆறரை வரைக்கும், மஞ்சள் மின்னுவதே போதும்.

அபராதம் பற்றியும் சொல்ல வேண்டும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் கொண்டுவந்த திருத்தம், சிவப்பைத் தாண்டுவதை 184-ஆம் பிரிவில், ஆபத்தாக ஓட்டும் குற்றத்தில் சேர்த்தது. அது மோட்டார் வண்டிக்கு. சைக்கிளுக்கு நம்பரும் இல்லை, இ-சலானும் இல்லை. அதனால் வால்டியூபைப் பிடுங்கிக் காற்றை இறக்கிவிடும் பழைய வழக்கம் திரும்ப வந்துவிடக் கூடாது. காற்று இல்லாத வண்டியைச் சுமையோடு தள்ளினால் டயர் ரிம்மில் நழுவி, டியூபின் மவுத், அதாவது காற்றடிக்கும் வாய், அடியிலேயே கிழியும். அங்கே கிழிந்தால் பஞ்சர் ஒட்ட முடியாது, டியூபையே மாற்ற வேண்டும். அவருடைய அன்றைய வருமானத்தில் பாதி அதிலேயே போய்விடும்.

கண்டிப்பு காட்ட வேண்டிய இடம் எதிர்த்திசை ஓட்டம். சத்துவாச்சாரி பக்கம் நெடுஞ்சாலை சர்வீஸ் ரோட்டில் பார்த்தால் விளங்கும். குறுக்குத் தெருவிலிருந்து இடப்பக்கம் திரும்புகிற வண்டிக்காரர் வலப்பக்கம்தான் பார்ப்பார்; வண்டி வருவது அங்கிருந்துதானே. இடப்பக்கமிருந்து வருகிற சைக்கிள் அவர் பார்வையிலேயே விழாது. மோதினால் இரண்டு வேகமும் கூடித்தான் அடிக்கும். இரவில் ரிஃப்ளெக்டர் இல்லாமல் வருவதும் இதே அளவு ஆபத்து. இந்த இரண்டையும் நிறுத்திக் கேளுங்கள், நாங்கள் உங்கள் பக்கம் நிற்கிறோம்.

எங்கள் தரப்பில் செய்ய வேண்டியதும் இருக்கிறது. பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான் இடைவெளி இருக்க வேண்டும். கடைக்கு வரும் பல வண்டிகளில் விரலே நுழையும். மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் கட்டை உடனே பிடிக்காது. தண்ணீரைத் துடைக்கவே சக்கரம் இரண்டு, மூன்று சுற்று, அதாவது ஐந்தாறு மீட்டர், ஓடிவிடும். மஞ்சளைப் பார்த்துவிட்டும் நிற்க முடியாமல் போகிறவர்களில் பலருக்கு இதுதான் காரணம். பள்ளி வளாகத்திலேயே பிரேக்கை இழுத்துக் கட்டி, பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் மாட்டித் தர மெக்கானிக்குகள் தயார்; கூலி வேண்டாம். அனுமதி மட்டும் வாங்கிக் கொடுங்கள்.

எல்லாச் சந்திப்பையும் ஒரே நேரத்தில் மாற்றச் சொல்லவில்லை. பள்ளிப் பிள்ளைகள் அதிகம் கடக்கும் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டிலிருந்து எதிர் வாய் வரை நாடா பிடித்து அளந்து, மீட்டரை நான்கால் வகுத்தால், மஞ்சளும் எல்லாப் பக்கச் சிவப்பும் சேர்த்துத் தேவையான நொடி கிடைத்துவிடும். நாடா பிடிக்கவும் நேரம் குறிக்கவும் எங்களில் நான்கு பேர் காலை எட்டிலிருந்து ஒன்பது வரை வருகிறோம். எந்தச் சந்திப்பு, எந்த நாள் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வேலூரில் அன்றாடம் சைக்கிள் ஓட்டுகிறவர்களும் சைக்கிள் கடை மெக்கானிக்குகளும்