அக்கோவாவின் வாரிசுக்கு ஒரு கடிதம்

மதிப்புக்குரிய மார்கரீத் அம்மையாருக்கு,

அக்கோவா என்ற நிலத்துக்காக நீங்கள் நடத்திய வழக்கு முடிந்து 700 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

உங்கள் நாட்டை ஆண்ட இளவரசர் இரண்டாம் கியோம், பிரான்சின் ஷாம்பேனிலிருந்து வந்த வில்லார்துவான் குடும்பத்தவர். நான்காம் சிலுவைப்போர்க்காரர்கள் 1204இல் கான்ஸ்டான்டிநோபிளைச் சூறையாடினார்களே, அதன் தொடர்ச்சியாகத்தான் கிரேக்கத்தின் தென்கோடியான மொரியா இந்தக் குடும்பத்தின் கைக்கு வந்தது. கியோம் கலமாத்தாவிலேயே பிறந்தவர். 1259இல் பெலகோனியாப் போரில் தோற்று வைக்கோலில் ஒளிந்திருந்தவரை, துருத்திய பல்லை வைத்து அடையாளம் கண்டு பிடித்தார்கள். போரில் வென்ற பைசாந்தியப் பேரரசர் எட்டாம் மிகாயேல் அவரை விடுவிக்கக் கேட்ட விலை மூன்று கோட்டைகள்: மொனெம்வாசியா, மிஸ்திராஸ், மைனா.

1261இல் நிக்லியில் கூடிய அவையில் பெரும்பாலும் பெண்கள்தான் இருந்தார்கள். அவர்களுடைய கணவன்மார் சிறையில் இருந்தார்கள் அல்லது போரில் இறந்திருந்தார்கள். கோட்டை போனால் போகட்டும், ஆட்கள் திரும்பட்டும் என்று முடிவானது. ஒப்பந்தத்துக்குப் பிணையாக இரண்டு பெண்கள் கான்ஸ்டான்டிநோபிள் போனார்கள். அதில் ஒருவர் நீங்கள்.

நீங்கள் அங்கே இருந்தபோதுதான் உங்கள் மாமா கோத்தியே த ரோசியேர் பிள்ளையில்லாமல் இறந்தார். 24 வீரர் மானியங்கள் (போர்ச்சேவைக்கு ஈடாகத் தரப்படும் நிலங்கள்) கொண்ட அக்கோவா உங்களுக்கு வர வேண்டியது. ஆனால் சட்டம் வாரிசுக்கு ஒரு கெடு வைத்திருந்தது. அது முடியும்வரை உங்களால் வர முடியவில்லை. திரும்பி வந்து கேட்டபோது, கெடு தாண்டிவிட்டது என்றார் கியோம்.

யாருக்காகப் பிணை போனீர்களோ, அவரே இதைச் சொன்னார்.

நீங்கள் விடவில்லை. ழான் த சேன்-தோமேரை மணந்தீர்கள். தீப்ஸின் பிரபுவான அவருடைய அண்ணன் நிக்கோலா உங்களுக்காக வாதாட வந்தார். கருணையாகக் கேட்கிறீர்களா, நீதியாகக் கேட்கிறீர்களா என்று இளவரசர் கேட்டார். நீதியாகத்தான் என்றார் நிக்கோலா. உடனே கியோம் அவைத் தலைமைக்கான கோலைத் தன் தலைமை அதிகாரியான சான்சலரிடம் கொடுத்துவிட்டு, இறங்கி வந்து தன் தரப்பைத் தானே வாதாடினார். தலைவனுக்காகப் பிணை போவது அவருக்குக் கட்டுப்பட்டவர்களின் கடமை, அதற்காகக் கெடு நீளாது என்று தீர்ப்பானது.

சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் நீங்கள் ஏன் வரவில்லை என்பது அந்த அவையிலேயே கியோமுக்குத்தான் நன்றாகத் தெரியும். அப்படித் தெரிந்துகொண்டே எழுந்து நின்று ஒரு மனிதர் வாதாடியதை என்னால் ஏற்க முடியவில்லை. வீரர், கனவான் என்று அவரைப் புகழ்வதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உங்கள் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

அப்புறம் அவர் மனமிரங்கி எட்டு மானியங்களை உங்களுக்குத் தந்தார். மீதி 16ஐத் தன் இளைய மகளுக்குக் கொடுத்தார். அவள் பெயரும் மார்கரீத். கியோம் 1278இல் ஆண் வாரிசில்லாமல் இறக்க, 1267இல் அவரே போட்ட ஒப்பந்தப்படி நாடு பிரான்சிலிருந்து வந்த ஆன்ஷூ (Anjou) அரச வம்சத்துக்குப் போனது. அந்த மார்கரீத் பிற்காலத்தில் தன் உரிமையைக் கேட்டு எழுந்தார். 1315இல், தன் குடும்பம் கட்டிய கிளெமூட்சிக் கோட்டையிலேயே, மொரியாவின் பிரபுக்கள் அடைத்த சிறையில் இறந்தார்.

அன்புடன்,
உங்கள் பக்கம் நிற்கும் ஒருத்தி