சித்தப்பாவுக்கு, அந்த ஐந்து அரியர் பற்றி

அன்புள்ள சித்தப்பா,

செவ்வாய்க்கிழமை ராத்திரி நாற்பது நிமிஷம் பேசினீர்கள், உங்கள் மகன், என் தம்பி, இன்ஜினியரிங்கில் ஐந்து பேப்பர் ஃபெயிலாகி, திரும்ப எழுத வேண்டிய அரியராக வைத்திருப்பதை மறைத்துவிட்டான் என்று. நான் "ம்" கொட்டிக்கொண்டு மட்டும் இருந்தேன். சொல்ல ஒன்றும் இல்லாமல் இல்லை. போனில் நான் வாயைத் திறந்தால் "சரி சரி, கடைக்கு ஆள் வந்திருக்கு" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். இதில் யார் பெயரும் இல்லை, கல்லூரி பெயரும் இல்லை. தம்பியிடம் படித்துக் காட்டி, அவன் தலையாட்டிய பிறகுதான் வெளியே விடுகிறேன். இதே பேச்சு இந்த வாரம் இன்னும் எத்தனையோ வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கும், அதனால்தான் பொதுவில்.

"அரியர் வச்சதைக்கூட விட்டுருவேன். மூணு வருஷமா மூஞ்சியைப் பாத்து 'ஆல் கிளியர்'னு சொன்னான் பாரு, அதைத்தான் தாங்க முடியல" என்றீர்கள். நியாயம்தான். நாலாவது செமஸ்டர் ரிசல்ட் அன்று அவன் ஆல் கிளியர் என்றதும், ஒரு பெட்டி கடலை மிட்டாயைத் தெரு முழுக்கக் கொடுத்தீர்களாமே, சித்தி சொன்னார்கள். இப்போது அந்தத் தெருவில் நடக்கக் கூசுகிறது உங்களுக்கு. பரீட்சை ஃபீஸை அவன் லேப் ஃபீஸ் என்று சொல்லி வாங்கியதும் உண்மை. அவனுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை.

ஆனால் உங்களுக்கு ஒன்றை ஞாபகப்படுத்த வேண்டும். 2009 தொடக்கம். செங்கல்பட்டு பக்கம் நான் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். ரிசல்ட் வந்த அன்று பிரவுசிங் சென்டரில் பதினைந்து பேர் வரிசையில் நின்றோம். பாஸானவன் பிரிண்ட் எடுத்தான், மற்றவன் திரையைப் பார்த்துவிட்டு எழுந்து போனான். நான் பிரிண்ட் எடுக்கவில்லை. நாலு பேப்பரில் 'யூ', அதாவது ஃபெயில். அப்பாவுக்குப் போன் போட்டு எல்லாம் பாஸ் என்றேன். யோசித்துச் சொன்னதுகூட இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அடுத்த வாரம் ஊருக்கு வந்தபோது வீட்டில் உட்கார முடியாமல் உங்கள் கடலை மிட்டாய்ப் பட்டறைக்கு வந்தேன். நீங்கள் பாகுச் சட்டி முன்னால் நின்று, கிண்ணத் தண்ணீரில் சொட்டு விட்டுப் பதம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இறுகிய பாகை எடுத்துக் கிண்ணத்தில் தட்டினால் 'டங்' என்று கேட்க வேண்டும், அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தீர்கள். நான் சொல்லிவிட்டேன். எதற்காக உங்களிடம் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது.

நீங்கள் அடுப்பைத் தணித்தீர்கள். "எத்தனை?" என்றீர்கள். நாலு என்றேன். "திரும்ப எப்ப எழுதணும்?" ஏப்ரல்-மே என்றேன். "ஃபீஸ் எவ்வளவு?" கல்லாவைத் திறந்தீர்கள். அப்புறம்தான், "அண்ணன்கிட்ட நான் பேசவா, நீயே சொல்லுறியா?" என்று கேட்டீர்கள். நானே சொல்கிறேன் என்றேன். அப்பா இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. அது வேறு கதை. அன்றைக்கு நீங்கள் 'ஏன்' என்று கேட்கவே இல்லை, சித்தப்பா. 'எப்ப' என்று கேட்டீர்கள். 'ஏன்' என்று கேட்டிருந்தால் என்னிடம் இருந்தது அழுகைதான். 'எப்ப' என்பதற்கு என்னிடம் ஒரு தேதி இருந்தது. நாலு பேப்பரையும் இரண்டு தவணையில் முடித்தேன்.

அந்த ஆள் எங்கே போனார்?

எங்கும் போகவில்லை, பட்டறையில்தான் இருக்கிறார். பாகு காய்ச்சும் அண்ணாச்சி கைதவறி முறுக விட்டுவிட்டால் அங்கிருந்தே "முதலாளி, இந்தச் சட்டி கருகிட்டு" என்று சத்தம் கொடுக்கிறாரே, உங்களிடம் பயமிருந்தால் கொடுப்பாரா? கருகின பாகை மறைத்துக் கடலையில் கொட்டினால் கடலையும் சேர்ந்து போகும் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் சட்டியைக் கொட்டச் சொல்லிவிட்டு அடுத்ததை ஏற்றச் சொல்வீர்கள். திட்டுவதெல்லாம் சாயங்காலக் கணக்கு நேரத்தில்.

வேலைக்காரரின் சட்டியும் அண்ணன் மகனின் அரியரும் உங்களுடைய மானம் இல்லை, அதனால் நிதானம் வந்தது. சொந்த மகன் என்றதும் அவன் மார்க் ஷீட்டில் உங்கள் பெயரும் ஏறிவிடுகிறது. எனக்கும் ஆறு வயதில் ஒருத்தி இருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பையன் தண்ணீரைக் கொட்டினால் துடைத்துவிட்டுப் போகிறேன், அவள் கொட்டினால் கத்துகிறேன். ஆக, உபதேசம் பண்ணுகிற இடத்தில் நானும் இல்லை.

போன ஞாயிறு தம்பி தாம்பரத்தில் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தான். "ஏம்ல அப்பாட்ட முதல் தடவையே சொல்லல?" என்றேன். குழாயை நிறுத்தாமல் சொன்னான்: "அடிப்பாருன்னு பயம் இல்லண்ணே. அழுதுருவாரோன்னுதான் பயம்." சித்தியின் சங்கிலி இரண்டாம் வருஷ ஹாஸ்டல் ஃபீஸுக்காக அடகுக்குப் போனது அவனுக்குத் தெரியும். எப்போது வட்டி கட்டினீர்கள் என்பது வரைக்கும் தெரியும். நீங்கள்தான் அவனுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்னொன்றும் சொன்னான். அவன் ஒன்பதாவது படிக்கும்போது எதிர்வீட்டுப் பையன் பிளஸ் டூவில் ஃபெயில். "நம்ம வீட்ல இப்படி நடந்தா நான் வெளிய தலைகாட்ட முடியுமா?" என்று சாப்பிடும்போது சித்தியிடம் கேட்டீர்களாம். உங்களுக்கு நினைவே இருக்காது. எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் அன்றைக்கே குறித்துக்கொண்டான், இந்த வீட்டில் எந்தச் செய்தியைக் கொண்டுவரக் கூடாது என்று. பொய் அவன் சொன்னதுதான், ஆனால் அதற்கான வாய்ப்பாடு நம் வீட்டில் கற்றது.

மறைத்ததில் என்ன நஷ்டம் என்று கணக்குப் பாருங்கள், கணக்கு உங்களுக்குப் பிடிக்கும். ஐந்து பேப்பர்: முதல் செமஸ்டரில் மேட்ரிசஸ் அண்டு கால்குலஸ், அப்புறம் சர்க்யூட் அனாலிசிஸ், சிக்னல்ஸ் அண்டு சிஸ்டம்ஸ், எலக்ட்ரோமேக்னடிக் ஃபீல்ட்ஸ், டிரான்ஸ்மிஷன் லைன்ஸ். பார்க்க ஐந்து. வேர் என்னவோ ஒன்றுதான். கால்குலஸ் பிடிபடாதவனுக்கு ஃபீல்ட்ஸ் புரியாது, ஃபீல்ட்ஸ் புரியாதவனுக்கு டிரான்ஸ்மிஷன் லைன்ஸ் ஓடாது. பன்னிரண்டாவது வரைக்கும் தமிழில் கணக்குப் போட்டவன், முதல் நாளிலிருந்து எல்லாம் இங்கிலீஷ். வகுப்பில் கேட்கக் கூச்சம். அந்த முதல் 'யூ' வந்தபோது வீட்டில் சொல்லியிருந்தால், லீவில் நம் ஊர்க் கணக்கு வாத்தியார் யாரிடமாவது உட்கார வைத்திருப்பீர்கள். மூடி வைத்ததில் ஒன்று ஐந்தாகிவிட்டது. கருகின பாகு கதைதான்.

இதில் நம் வீடு மட்டும் இல்லை என்பதற்கு 2020 ஆகஸ்ட் ஞாபகம் இருக்கிறதா? கொரோனாவால் அரியர் தேர்வுகள் ரத்து, ஃபீஸ் கட்டியவர்களுக்குப் பாஸ் என்று அரசு அறிவித்ததும் அப்போதைய முதல்வருக்கு நன்றி சொல்லிப் பையன்கள் பேனரே வைத்தார்கள். ஊரே சிரித்தது. பிறகு விஷயம் ஐகோர்ட்டுக்குப் போனது தனி. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மகன் "எல்லாம் பாஸ்ப்பா!" என்று குதித்த பிறகுதான், அவனுக்கு எட்டு அரியர் இருந்தது அப்பாவுக்கே தெரியவந்தது.

நேற்று "நல்லா நாலு அட்வைஸ் பண்ணு அவனுக்கு" என்று மெசேஜ் போட்டிருந்தீர்கள். அட்வைஸுக்கு இந்த வயதில் பஞ்சமே இல்லை, சித்தப்பா. ரீல்ஸைத் திறந்தால் நிமிஷத்துக்கு ஒருத்தர் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்திருக்கச் சொல்கிறார். அவனிடம் இல்லாதது, கெட்ட சேதியோடு போய் நிற்க ஒரு பெரியவர். எனக்கு நீங்கள் இருந்தீர்கள். அவனுக்கு நான் இருக்கிறேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அவன் மூன்று வருஷமாகச் சொல்ல நினைத்தது என்னிடம் இல்லை.

சரி, இனி நடக்க வேண்டியது. நாலு வருஷப் படிப்பை முடிக்கப் பல்கலைக்கழகம் ஏழு வருஷம் வரை விடுகிறது, ஒன்றும் மூழ்கிவிடவில்லை. பல்கலைத் தேர்வில் நூற்றுக்கு 45 எடுத்து, கல்லூரியிலேயே போடுகிற இன்டர்னல் மார்க்கோடு சேர்த்து ஐம்பது சதவீதம் வந்தால் பாஸ். நவம்பர்-டிசம்பரில் கால்குலஸ், சர்க்யூட்ஸ், சிக்னல்ஸ் மூன்றும், ஏப்ரல்-மேயில் மற்ற இரண்டும் என்று பிரித்திருக்கிறோம். ஏழாவது செமஸ்டர் பேப்பர்களும் இருப்பதால் அதற்கு மேல் ஏற்றினால் தாங்காது. கால்குலஸுக்கு என் ஆபீஸில் ஒரு பெண் வாரம் இரண்டு நாள் வீடியோ காலில் சொல்லித்தருகிறாள், தமிழிலேயே. முதல் கட்ட கேம்பஸ் இன்டர்வியூ போனது போனதுதான், அரியர் நின்றால் உட்கார விட மாட்டார்கள். அதைப் பற்றி இப்போது பேசாதீர்கள். ஃபீஸ் நான் கட்டுகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டான். உங்களிடம் கேட்டே வாங்கிக்கொள்கிறானாம், இந்தத் தடவை லேப் ஃபீஸ் என்று சொல்லாமல்.

வெள்ளிக்கிழமை ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏற்றிவிடுகிறேன். சனிக்கிழமை விடிந்ததும் கோவில்பட்டி. ஸ்டேஷனுக்குச் சித்தியை அனுப்பாமல் நீங்களே போங்கள், பட்டறையை ஒரு மணி நேரம் தள்ளித் திறக்கலாம். ராத்திரி முழுக்கத் தூங்கியிருக்க மாட்டான். முதலில் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி அவன் போனில் இருக்கிறது, எப்ப என்று கேட்டால் சொல்வான்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்