கடன் தீர்ந்த என் மருமகனுக்கு

கண்ணா,

கடன் பாக்கி இல்லை என்று கம்பெனி கொடுத்த நோ டியூ சான்றிதழின் போட்டோவை நீ அனுப்பியது வந்தது. கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. எனக்கு அனுப்ப வேண்டும் என்று தோன்றியதே, அதுவே போதும் என்று முதலில் நினைத்தேன். அப்புறம், 'பார்த்துக்கொள்ளுங்கள், உங்கள் உதவி இல்லாமலே முடித்துவிட்டோம்' என்று அனுப்பினாயோ என்றும் தோன்றியது. உன் ஹோம்ஸ்டேக்கு வங்கிக் கடன் கேட்டபோது ஜாமீன் கையெழுத்துப் போட மறுத்தவள் நான்தானே.

போனில் பேசினால் "ம்", "சரி அத்தை" என்பதோடு வைத்துவிடுவாய். இங்கே எழுதுவதைக் கடைசிவரை படிக்கிறாய் என்று அண்ணி சொன்னார். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நம் சொந்தக்காரர்களும் நான் வேலை பார்த்த வங்கியின் பழைய ஆபீஸ்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்பது தெரியும். ஆகவே உன் பெயரும் கடன் தொகையும் இதில் இருக்காது. 2019இல் எங்கள் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதும் வராது. உனக்குத் தெரியும், அது போதும்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நோ டியூ வந்ததோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. கடனை முழுக்கக் கட்டிய 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அவர்களால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உனக்குத் தர வேண்டும். ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கும் இது பொருந்தும். "ஹெட் ஆபீஸிலிருந்து வரணும் சார்" என்று இழுத்தால் இந்த உத்தரவைக் குறிப்பிட்டு எழுத்தில் கேள். கைக்கு வந்ததும் தாய்ப்பத்திரம் முதல் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு.

அடுத்தது எம்.ஓ.டி., அதாவது பத்திரங்களைக் கடனுக்கு ஒப்படைத்ததாகப் பதிந்த ஆவணம். கம்பெனி ஆள் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து, கடன் தீர்ந்ததற்கு ரசீது பதிந்து கொடுக்க வேண்டும். அது ஏறாதவரை வில்லங்கத்தில் ஆல்பேட்டை வீடு அடமானத்தில் இருப்பதாகவே காட்டும். பலர் இதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். பல வருஷம் கழித்து விற்கப் போகும்போது, கடன் கொடுத்த கம்பெனியே வேறொன்றோடு இணைந்து போயிருக்கும், கையெழுத்துப் போட ஆளைத் தேடி அலைவார்கள். அண்ணன் இல்லாததால் வாரிசுச் சான்றும் கேட்பார்கள், எடுத்து வை. ஒன்றிரண்டு மாதம் கழித்து, உன் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையைப் பார். 'குளோஸ்டு' என்று இருக்க வேண்டும். 'செட்டில்டு' என்று இருந்தால் திருத்தும்வரை விடாதே. தள்ளுபடி பேசி முடித்தவர்களுக்குப் போடுவது அது. நீ கடைசி ரூபாய்வரை கட்டியவன்.

அந்த வீட்டில் எனக்கிருந்த பங்குக்கு ஒரு பைசா வாங்காமல் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தவள் நான். சொல்லிக்காட்டுகிறேன் என்று நினைப்பாய். ஆமாம், சொல்லிக்காட்டத்தான் செய்கிறேன். 'கூடப்பிறந்தவனுக்கு ஒரு கையெழுத்துப் போடாதவள்' என்று கல்யாண வீட்டில் என் காதுபடப் பேசினார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட இந்தக் கையெழுத்து ஞாபகத்துக்கு வரவில்லை. இதற்கு மேல் இங்கே வேண்டாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீயும் அண்ணனும் திருப்பாப்புலியூர் வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் வங்கியின் அந்த ஜாமீன் பாரத்தை விரித்தீர்கள். ஃபேன் காற்றில் பறக்காமல் இருக்க அண்ணன் அதன் மேல் காபி டம்ளரை வைத்தார். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் எல்லாம் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார். பெயர், முகவரி, பிறந்த தேதி, பான் நம்பர் என்று எல்லாமே அவர் கையெழுத்தில் ஏற்கெனவே நிரப்பியிருந்தது. மில்லில் டைம் ஆபீஸில் இருந்தவர், எழுத்து அச்சுப் போல இருக்கும். என் பெயருக்கு முன்னால் எங்கள் அப்பாவின் இனிஷியலைப் போட்டிருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு எந்தக் காகிதத்திலும் நான் போடாத இனிஷியல் அது. வங்கி ரெக்கார்டில் அப்படி இல்லை என்பது அவருக்குத் தெரியாதா என்ன? தெரியும். கை பழக்கத்தில் எழுதிவிட்டது.

அதைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. அந்த நிமிஷம் பேனாவை எடுத்திருந்தால் போட்டிருப்பேன். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்றுதான் பாரத்தைத் திருப்பி ஷரத்துகளை வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தேன். கடன் வாங்கியவரை முதலில் கேட்காமலே ஜாமீன்தாரரிடம் முழுத் தொகையையும் வசூலிக்கலாம் என்ற இடம் வந்தபோது அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தனை பேருக்கு லோன் கொடுத்திருப்பீங்க அத்தை, ரூல்ஸ் எல்லாம் சொந்தத்துக்கு மட்டும்தானா?" என்று நீ கேட்டாய். என்னால் முடிந்த ஒரு தொகையைத் தருகிறேன், திருப்பித் தர வேண்டாம் என்றேன். அது உங்கள் இருவருக்கும் பிச்சையாகத் தெரிந்தது. அண்ணன் பாரத்தை நாலாக மடித்து ரெக்ஸின் பையில் வைத்துக்கொண்டு, "வாடா, போகலாம்" என்றார். காபி பாதிகூடக் குடிக்கவில்லை.

உன்னை நோகடித்ததற்கும், உன் முன்னால் உன் அப்பாவைத் தலைகுனிய வைத்ததற்கும் மன்னிப்புக் கேட்கிறேன். கையெழுத்துப் போடாததற்குக் கேட்க மாட்டேன். வங்கி அதிகாரி இன்னொருவர் கடனுக்கு ஜாமீன் நிற்க மேலிடத்து அனுமதி வேண்டும். அதைச் சாக்காகச் சொல்லித் தப்பித்திருக்கலாம், யாருக்கும் மனக்கசப்பு வந்திருக்காது. அண்ணனிடம் சாக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வங்கி வேலைக்கான பிஎஸ்ஆர்பி தேர்வு எழுத என்னைச் சென்னைக்கு அழைத்துப்போய், தேர்வு முடியும்வரை வாசலில் வெயிலில் நின்றவர் அவர்.

அன்று உங்களிடம் சொல்ல முடியாமல் போன ஒன்று இருக்கிறது. வாடிக்கையாளர் விஷயத்தை வெளியே பேசக் கூடாது, அதனால் ஊரும் பெயரும் இல்லாமல் சொல்கிறேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்த பிறகு பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தது உனக்கும் ஞாபகம் இருக்கும். முந்திரி வியாபாரம் செய்த ஒருவரின் கடன் 90 நாளைத் தாண்டி வாராக் கடன் ஆனது. அவருக்கு ஜாமீன் போட்டவர் பக்கத்து வீட்டில் இருந்த ரிட்டயர்டு வாத்தியார். அவருக்கு நோட்டீஸ் அனுப்பியது என் கையெழுத்தில்தான். மஞ்சள் பையில் பாஸ்புக்கையும் டெபாசிட் ரசீதையும் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். "அந்தப் பணத்தை நான் கண்ணாலகூடப் பார்க்கலையேம்மா" என்றார். 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆவது பிரிவை அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. ஜாமீன் நின்றவரின் பொறுப்பும் கடன் வாங்கியவரின் பொறுப்பும் சரிசமம் என்கிறது அது. அவர் கேட்டுக்கொண்டார், வாதாடவில்லை. அவருடைய பணிக்கொடைப் பணம் அந்தக் கடனுக்குப் போனது. அதற்குப் பிறகு அவர் எங்கள் கிளைக்கு வருவதையே விட்டுவிட்டார்.

நான் போட்டிருந்தால் வங்கி வட்டிக்கே கிடைத்திருக்கும், ஆல்பேட்டை வீட்டை ஃபைனான்ஸில் வைத்திருக்க வேண்டாம் என்கிறார்கள். வட்டி குறைந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து பாண்டிச்சேரிக்கு ஒரு பெங்களூர் காரும் வராமல் போனபோது, எந்த வட்டியில் வாங்கிய கடனும் உன் ஹோம்ஸ்டேயைக் காப்பாற்றியிருக்காது. ஆகஸ்ட் வரை தவணை கட்ட வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி சலுகை தந்தது. அந்த ஆறு மாதத்துக்கும் வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. லீஸுக்கு எடுத்த கட்டடம், அறை வாடகை மட்டுமே வருமானம், கையில் சேமிப்பு இல்லை. இதைத்தான் அன்று கேட்டேன். 'ஆறு மாதம் யாரும் வராவிட்டால் என்ன செய்வாய்?' அதற்கு நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு இன்றுவரை எனக்கு ஆறவில்லை. அதே நேரம், இருபத்தேழு வயதில் அப்படிச் சிரிக்காமல் எவன் தொழில் தொடங்குவான் என்றும் நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வா. உன்னோடு வேலை பார்க்கும் பையனுக்கு நீ ஜாமீன் கையெழுத்துப் போடப் போவதாக அண்ணி சொன்னார். நல்ல பையனாகவே இருக்கட்டும். சம்பளமும் சுத்தமான சிபிலும் இருக்கிறவனைத் தேடி இனிமேல் வருவார்கள். அந்தக் கடன் உன் சிபில் அறிக்கையிலும் ஏறும், அவன் தவறினால் உன் ஸ்கோரும் விழும், நாளைக்கு நீ வீட்டுக்கடன் கேட்டால் அதையும் கணக்கில் எடுப்பார்கள். உன்னால் கொடுக்க முடிந்ததைக் கையில் கொடு, வராது என்று நினைத்தே கொடு. அதைக் கேட்டு அவன் முகம் சுருங்கும். சுருங்கட்டும். எனக்கு அது பழக்கம்.

சென்னையில் ஃபிளாட் பார்க்கிறாய் என்பதும் காதில் விழுந்தது. 50 லட்சத்தை 9 சதவீதத்தில் 20 வருஷத்துக்கு வாங்கினால் மாதம் 45,000 ரூபாய், கட்டி முடிக்கும்போது ஒரு கோடியே எட்டு லட்சம். வாங்காதே என்று சொல்லவில்லை. இவ்வளவு நாள் கட்டிய தவணைத் தொகையை இன்னும் ஒரு வருஷம் அதே தேதியில் தனிக் கணக்குக்கு மாற்று. உனக்கு அது இல்லாமல் வாழத் தெரியும், பழகிவிட்டாய். ஆறு மாதச் செலவுக்கு அது சேர்ந்த பிறகு ஃபிளாட்டைப் பேசலாம். அதற்கு முன்னால் ஒரு டேர்ம் இன்சூரன்ஸ் எடு, அண்ணிக்கு உன்னை விட்டால் யாரும் இல்லை. ஆபீஸ் மெடிக்கல் பாலிசியை நம்பாதே, வேலையை விட்ட அன்றே போய்விடும், சொந்தமாக ஒன்று வேண்டும். பிஎஃப்பை எடுக்காதே, கம்பெனி மாறினால் அதையும் மாற்றிக்கொள். பங்குச் சந்தையில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் டிரேடிங் பக்கம் போகவே போகாதே. 2021-22 தொடங்கி மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே 2024 செப்டம்பரில் சொன்னது. மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். கடன் தீர்ந்த கையில் திடீரென்று பணம் நிற்கும்போதுதான் அந்த ஆசை வரும்.

வேலையைப் பற்றி ஒன்றே ஒன்று. கடன் ஃபைல்களைப் பார்க்கிற இடத்தில் இருக்கிறாய், அங்கேயே ஊன்றிக்கொள். கார்டில் பெரிய பதவி போட்டு வசூல் டார்கெட்டைத் தலையில் கட்டுகிற வேலை வந்தால் யோசித்துப் போ. முழுக்கப் படிக்காத ஃபைலில் இனிஷியல்கூடப் போடாதே. மேலதிகாரி போனில் "பண்ணிடு" என்றால், "நீங்கள் சொன்னபடி செய்கிறேன்" என்று அன்றே ஒரு மெயில் போட்டு வை. கடன் கெட்டுப்போய் விசாரணை வந்தால் போனில் பேசிய யாரும் பக்கத்தில் நிற்க மாட்டார்கள், காகிதத்தில் இருக்கிற கையெழுத்துதான் நிற்கும். இப்படி மாட்டிக்கொண்டு ரிட்டயர்மென்ட் பணம் நிறுத்தப்பட்டவர்களை நான் அறிவேன்.

மதியச் சாப்பாட்டை நாலு மணிக்குச் சாப்பிடாதே. மார்ச் குளோசிங் என்று வருஷா வருஷம் அப்படிச் சாப்பிட்டுத்தான் என் சகாக்களில் பாதிப் பேருக்குச் சுகர் வந்தது. உனக்குப் பரம்பரையிலேயே இருக்கிறது, அப்பாவுக்கும் இருந்தது, எனக்கும் இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை டெஸ்ட் எடு. அண்ணன் காலில் புண் வந்ததைக் கடன் தவணைக்காக மறைத்து வைத்திருந்தார் என்பது எனக்கு ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. உனக்கு முன்பே தெரிந்திருந்தது. அப்போதாவது என்னிடம் ஒரு போன் பண்ணியிருக்கலாம் நீ. ஜாமீன்தான் போட மாட்டேன் என்றேன், வைத்தியம் பார்க்க மாட்டேன் என்றா சொன்னேன்?

2024 டிசம்பரில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து ஆல்பேட்டையில் புகுந்தபோது, அண்ணனும் அண்ணியும் எங்கள் வீட்டு மாடிக்கு வந்து தங்கினார்கள். கடனைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ராத்திரி கரண்ட் இல்லாமல் உட்கார்ந்து பழைய ஆட்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். கிளம்பும்போது, "பையன் கட்டிடுவான்" என்றார். அவ்வளவுதான். கட்டிவிட்டாய்.

அடுத்த மாதம் முதல் வருஷத் திதி. செலவில் என் பங்கைக் கேட்டதற்கு, "அத்தைகிட்ட எதுவும் வாங்க வேணாம்" என்று நீ சொன்னதாக அண்ணி சொன்னார். இதைக் கடன் என்றும் உதவி என்றும் நினைக்காதே. அவர் என் அண்ணன். ஐயருக்கும் சாப்பாட்டுக்கும் ஆவதில் பாதியை அண்ணி கணக்கில் போட்டுவிட்டேன். திருப்பி அனுப்பாதே.

அத்தை
திருப்பாப்புலியூர், கடலூர்