பேட்டரிக்கு இன்னும் 39 பங்கு: குடியிருப்போருக்கு ஒரு வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

மொட்டைமாடியில் சோலார் பேனல் ஏறியதும் வேலை முடிந்துவிட்டது என்று பலரும் நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. அதன் பிறகு, இதற்காக வீடு வீடாக வசூலிக்கும் பணத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. இன்றைக்குக் கரண்ட் போனால், வெயில் கொளுத்தினாலும் நம் பேனலும் கூடவே நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியர் மேல் நம் மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதால், லைன் செத்ததும், பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் தானாக அணைந்துகொள்ளும். பேட்டரியும், அதோடு சேர்ந்து ஓடும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் வந்தால்தான் மின்தடையில் நம் மின்சார வண்டிகளுக்குச் சார்ஜ் ஏற்றப் பேனல் உதவும்.

போன முறை நான்கு நாள் இருட்டில் கிடந்தது மறந்திருக்காது. முதல் நாள் வண்டிகளில் பாதி சார்ஜ் இருந்ததால் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. மறுநாள் ஸ்கூட்டர்கள் படுத்துவிட்டன. மூன்றாம் நாள் விடிகாலை, டயாலிசிஸுக்குப் போக வேண்டியவர் கீழே வந்து நின்றபோது இருந்தது ஒரே கார், அதிலும் 9 சதவீதம். ஆண்டவன் புண்ணியத்தில் போய்ச் சேர்ந்தார். திரும்பி வரத்தான் சார்ஜ் இல்லை. (பெட்ரோல் வண்டிக்காரர்கள் சிரிக்க வேண்டாம். பங்க்கில் பம்பு ஓடவும் கரண்ட் வேண்டும்.)

இந்தக் குடியிருப்பில் முதலில் குடியேறிய பெரியவர்கள், சம்பளம் வந்த கையோடு வீடு வீடாக ஏறி இறங்கி அந்தக் காலத்திலேயே டீசல் ஜெனரேட்டர் வாங்கினார்கள். கேட்டு வாங்கியதற்குச் சின்ன நோட்டில் எழுதிய கணக்கு இன்றும் குழுவிடம் பத்திரமாக இருக்கிறது. ஒரு வீடு விடாமல் எல்லா வீட்டின் பெயரும் அதில் உண்டு. அந்த ஜெனரேட்டர் இன்றும் லிஃப்ட்டையும் தண்ணீர் மோட்டாரையும் இழுக்கிறது. கார்களையும் சேர்த்து இழுக்க அதற்குத் தெம்பில்லை.

இப்போதைய கணக்கு: மொத்தம் 100 பங்கு, வந்தது 61. பேனல், தாங்கி, வயரிங் வகையில் 55 செலவு. கையிருப்பு 6. இனி பேட்டரிக்கு 30, இன்வெர்ட்டருக்கு 10, லைனிலிருந்து பேட்டரிக்கு மாற்றிவிடும் சேஞ்ச்ஓவர் சுவிட்சுக்கும் சார்ஜிங் பாயிண்டுகளுக்கும் 5. ஆக, குறைவது 39. பேட்டரிக்குச் சொன்ன விலை இம்மாதம் 30ஆம் தேதி வரைதான் நிற்கும்.

பேட்டரி 30 யூனிட் கொள்ளும். ஒரு காரின் வயிறு நிறையவே 40 யூனிட் வேண்டும், அதனால் எல்லா வண்டியும் நிரம்பும் என்று பொய் சொல்லி வசூலிக்க மாட்டோம். ஆனால் 5 யூனிட் ஏற்றினால் கார் ஏறத்தாழ 30 கி.மீ. ஓடும். ஸ்கூட்டருக்கு 3 யூனிட்டே கிட்டத்தட்ட முழு சார்ஜ். வானம் மூடிக் கிடந்தாலும் பேனல் கொஞ்சமாவது தரும். மருத்துவத் தேவைக்கு முதலிடம், மற்றவர்களுக்கு வரிசை.

முதல் வாரமே கொடுத்த 37 வீடுகளுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. இரண்டு பங்கு, மூன்று பங்கு என்று தந்தவர்கள் உண்டு. சொந்தமாக வண்டியே இல்லாத முதியவர் ஒருவர், பென்ஷன் வந்த அன்று தேடி வந்து கொடுத்துவிட்டு, பெயரை எழுத வேண்டாம் என்றார். கூலி வாங்காமல் வயர் இழுத்துத் தந்த இளைஞர்களுக்கும், அவர்களுக்கு மூன்று நாள் சாப்பாடு போட்ட வீடுகளுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

மீதி 43 வீடுகள். அவற்றில் 20க்கும் மேல் மின்சார வண்டி நிற்கிறது என்பது வாகன நிறுத்தத்தைப் பார்த்தாலே தெரியும். கொடுக்காதவர் வண்டிக்குச் சார்ஜ் இல்லை என்று நாங்கள் சொல்லப்போவதில்லை. வரிசையில் நிற்கும்போது உங்களுக்கே கூச்சமாக இருக்கும், அவ்வளவுதான்.

சரி, ஆளுக்கு ஒரு பங்கு போதும், முடியாதவர்கள் அரைப் பங்கு. மாலை 6 முதல் 8 வரை குழு அறையில் பொருளாளர் இருப்பார். ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
குடியிருப்போர் குழு