பராகுவே அட்டை பிரேசிலில் செல்லாது

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் தென் அமெரிக்காவில் குடியேறுவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் பராகுவேயில் ரெசிடென்சி அட்டை (வசிப்பு அனுமதி) வாங்கிவிட்டால், தென் அமெரிக்க நாடுகளின் வர்த்தகக் கூட்டமைப்பான மெர்கோசுரின் ஒப்பந்தப்படி பிரேசில், அர்ஜென்டினா என்று எங்கே வேண்டுமானாலும் போய்த் தங்கலாம் என்று நடுவில் ஒரு வரி வருகிறதே, அது தவறு. இதையே சொல்லித்தான் யூடியூபில் ஏஜென்ட்டுகள் காசு பார்க்கிறார்கள். பேப்பரிலும் வந்துவிட்டால் நம் பையன்கள் நம்பத்தான் செய்வார்கள். நான் சாவோ பாவ்லோவில் வேலை பார்ப்பவன், இந்த விவகாரத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

அந்த வசிப்பு ஒப்பந்தம் 2002 டிசம்பரில் பிரேசிலியாவில் கையெழுத்தாகி 2009இல் நடைமுறைக்கு வந்தது. அர்ஜென்டினா, பிரேசில், பராகுவே, உருகுவே, கூடவே பொலிவியா, சிலி. பெரு, கொலம்பியா, எக்வடார் எல்லாம் அப்புறம் சேர்ந்தவை. இதில் ஒரு நாட்டின் குடிமகன் இன்னொரு நாட்டில் 2 ஆண்டு வரை தற்காலிகமாக வசிக்க அனுமதி கேட்கலாம். வேலை உத்தரவு, வங்கி இருப்பு எதையும் ஒப்பந்தம் கேட்பதில்லை. கேட்பது குடியுரிமையைத்தான். பிறப்பால் குடிமகனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் குடியுரிமை வாங்கி 5 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். பராகுவேயில் குடியுரிமை கேட்கவே குறைந்தது 3 ஆண்டு அங்கே வசித்திருக்க வேண்டும், ஆக மொத்தம் 8 ஆண்டு, அதற்குள் இந்தியக் குடியுரிமையும் போயிருக்கும், ஏனென்றால் நம் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமைக்கு இடமில்லை. இதை எந்த ஏஜென்ட்டாவது சொல்கிறாரா?

உண்மையில் இது யாருக்கு உதவுகிறது என்று பார்க்க இங்கே பாரி பகுதியில் ஞாயிறுதோறும் கூடும் கந்தூத்தா சந்தைக்குப் போனால் போதும். பொலிவியர் சந்தை அது. கூழாங்கல் மாதிரி கறுத்துக் காய்ந்த உருளைக்கிழங்கைக் குவித்து விற்பார்கள், சூன்யோ என்று பெயர். வாங்க வருகிறவர்களில் நிறையப் பேர் பிராஸ், போம் ரெத்தீரோ பக்கம் தையல் கூடங்களில் மிஷின் மிதிப்பவர்கள். அங்கே கடை போட்டிருக்கும் அக்கா ஒருவர் அட்டை வாங்கிய கதையைச் சொன்னார். அவர் அடையாள அட்டையில் அப்பா அம்மா பெயர் இல்லை, அதற்காகத் தூதரகத்தில் தனியாக ஒரு சான்று. முன்பு புவெனஸ் ஐரிஸில் இருந்தவர் என்பதால் கடைசி 5 ஆண்டுக் கணக்குக்கு அர்ஜென்டினாவிலிருந்தும் குற்றப் பின்னணி இல்லை என்ற சான்று. பிறகு பெடரல் போலீஸில் கைரேகை, போட்டோ. ஸ்பானிய மொழித் தாள்களை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. ஏற்கெனவே தாள் இல்லாமல் உள்ளே இருந்தவர்தான், ஆனாலும் அபராதம் கிடையாது, ஒப்பந்தத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. எனக்கு இதில் ரொம்பப் பிடித்த பிரிவும் இதுதான். பயந்து ஒளிந்து கிடக்கும் தொழிலாளியைத்தான் முதலாளி அரைக் கூலிக்கு வைத்துக்கொள்ள முடியும்.

2 ஆண்டு முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள், பிழைப்புக்கு வழி இருக்கிறது என்று காட்டி நிரந்தர அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதைக் கோட்டைவிட்டால் ஒப்பந்தத்தின் சலுகை போய்விடும், மற்ற வெளிநாட்டவருக்கு உள்ள சட்டம்தான்.

சரி, நம்மவர்களுக்கு வழியே இல்லையா என்றால், ஒன்று உண்டு, கல்யாணம்! கொலம்பியப் பெண்ணைக் கட்டிய தமிழர், அந்த மனைவி இந்த ஒப்பந்தப்படி பிரேசிலில் அனுமதி வாங்கினால், குடும்பத்தில் ஒருவர் என்ற முறையில் அதே காலத்துக்கு அனுமதி பெறலாம், இந்திய பாஸ்போர்ட்டாகவே இருந்தாலும். உள்ளே வர விசா மட்டும் தூதரகத்தில் தனியாக வாங்க வேண்டும். மற்றபடி வேலையோ படிப்போ காட்டி அந்தந்த நாட்டுச் சட்டப்படி அனுமதி வாங்குவதுதான், நான் வந்ததும் அப்படித்தான்.

தயவுசெய்து அடுத்த ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில், ஒரு திருத்தம் போடுங்கள். கட்டுரையை நம்பி ஏற்கெனவே முன்பணம் கட்டியவர்கள் இருந்தால், அட்டை தருகிறேன் என்றவரிடம் அந்த அட்டையை வைத்துப் பிரேசிலில் எந்தப் பிரிவின் கீழ் விண்ணப்பிப்பது என்று எழுத்தில் கேட்கட்டும், மீதித் தொகையை அதற்கு முன் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாவோ பாவ்லோ, பிரேசில்