உப்புப் போத்தலோடு வந்த ஐயாவுக்கும் எங்கள் சங்கத்தாருக்கும்

எங்கள் மாவட்ட வர்த்தக, கைத்தொழில் சங்கத்தாருக்கும் அயலட்டைச் சனத்துக்கும் வணக்கம்.

நேற்றிரவு லொறி ஏ9 வீதியில் ஏறிவிட்டது. கச்சான் மூட்டை ஒன்றும் திரும்பி வராது என்று இப்போது நெஞ்சில் கை வைத்துச் சொல்லலாம். மழைக்குள்ளே கச்சானைப் பூஞ்சணம் பிடிக்காமல் காயவைக்க எங்கள் சிறிய நிறுவனம் அந்தப் பதினொரு நாளும் பட்ட பாடு உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுதக் கை வரவில்லை. நன்றியைத்தான் எழுதுகிறோம்.

முதலில் அந்த ஐயாவுக்கு. பெயர் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சங்கத்துக் களஞ்சியத்தை நெடுங்காலம் பார்த்தவர் என்றால் தெரிந்தவர்களுக்குத் தெரியும். தானியத்தில் ஈரம் பார்க்கச் சங்கத்திடம் இருப்பது ஒரே ஒரு ஈரப்பதமானி. அன்றைக்கு அது நெல்லுக்காரரிடம் போயிருந்தது. ஐயாவை யாரும் கூப்பிடவில்லை. மழைக்குள்ளே சைக்கிளில் வந்து இறங்கினார். பைக்குள் மூடியோடு ஒரு கண்ணாடிப் போத்தல், பொலித்தீனில் சுற்றிய கொஞ்ச உப்பு. "மீற்றர் வரும்வரை இது போதும் பிள்ளையள்" என்றார்.

அவர் காட்டிய முறையை அப்படியே எழுதுகிறோம், மற்றவர்களுக்கும் உதவட்டும். 750 மில்லிலீற்றர் போத்தல், உள்ளே துளி ஈரமும் இருக்கக்கூடாது. உப்பை வெறுஞ்சட்டியில் வறுத்து, மூடி வைத்து ஆறவிட்டு, 20 தொடக்கம் 30 கிராம் வரை போட வேண்டும். போத்தலில் மூன்றில் ஒரு பங்குக்குத் தானியம். மூடியை இறுக்கி ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கி, 15 நிமிடம் அசையாமல் வைக்க வேண்டும். உப்பு கண்ணாடியில் ஒட்டி நின்றால் நெல்லில் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாமல் அடியில் விழுந்தால் அதற்குக் கீழே.

கச்சானுக்கு அந்த 15 செல்லாது. இதைத்தான் ஐயா திரும்பத் திரும்பச் சொன்னார். உப்பு பார்ப்பது போத்தலுக்குள் இருக்கும் காற்றின் ஈரப்பதனை. அது 75 சதவீதத்தைத் தொட்டால் உப்பு கசியும். நெல்லில் 15 சதவீத ஈரம் அந்தக் காற்றைத் தரும். எண்ணெய் நிறைந்த கச்சான் பருப்பிலோ ஏறத்தாழ 8, 9 சதவீதமே போதும். அஃப்ளாடொக்சின் நஞ்சை உண்டாக்கும் பூஞ்சணத்துக்குக் காற்றின் ஈரப்பதன் 80க்கு மேல் வேண்டும். ஆகவே உப்பு ஒட்டினால் நஞ்சு வந்துவிட்டது என்று அர்த்தமில்லை, வருமுன் கிடைத்த எச்சரிக்கை. வேறு பூஞ்சணங்கள் 70ஐத் தாண்டவே பிடிக்கத் தொடங்கும் என்பதால், ஒட்டாத நாளிலும் இன்னொரு வெயில் காயவிடுவதுதான் புத்தி.

பிழை வரும் இடங்களும் உண்டு. கோதோடு போடக்கூடாது, கோது காய்ந்து கலகலக்கும், உள்ளே பருப்பு ஈரமாகவே இருக்கும். உடைத்துப் போட வேண்டும். மூட்டையின் வாயில் அள்ளாமல் நடுவில் இருந்து எடுக்க வேண்டும். உப்பும் முக்கியம். அள்ளியபடியே வந்த கல்லுப்பில் மக்னீசியம் இருக்கும், அது எந்தத் தானியத்தோடும் ஈரம் இழுத்து ஒட்டும். ஆனையிறவு உப்பளப் பக்கம் உப்பைக் குவித்து விட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்; அந்தக் கசப்பு நீர் வடியத்தான். இதற்குச் சுத்திகரித்த பக்கற் உப்பே வேண்டும்.

அந்தப் போத்தல்தான் பொலித்தீன் கூரை போட்ட எங்கள் சூரிய உலர்த்தியின் குறையையும் காட்டிக்கொடுத்தது. மாலையில் ஒட்டாத உப்பு விடியக்காலையில் ஒட்டியது. இரவில் பொலித்தீன் குளிர, உள்ளே நின்ற ஈரக்காற்று துளியாகித் திரும்பக் கச்சான்மேலேயே சொட்டியிருக்கிறது. காற்று போக மேலே வழி விடாமல் கட்டியதால் வந்த வினை. கூரையோரம் காற்றுவழி வெட்டி, 12 வோல்ற் காற்றாடி பூட்டி, பரப்பும் தடிப்பை 8 சென்ரிமீற்றரில் இருந்து 4 ஆக்கி, பொழுதுபடுமுன் அள்ளி ஆறவைத்து மூடினோம். மூன்றாம் நாள் விடியலில் உப்பு அடியில் விழுந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ஜெனரேற்றர் தந்தவர்கள், படங்கு தந்தவர்கள், லேபலைச் சிங்களத்தில் திருத்தித் தந்த தம்பி, கிளிநொச்சி அறிவியல் நகர்ப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்து வந்து காற்றாடிக்கு வயர் இழுத்த மாணவர்கள், சோறு கட்டி அனுப்பிய வீடுகள், எல்லோருக்கும் நன்றி. சுருங்கினதும் நிறம் மாறினதுமாக ஒவ்வொரு பருப்பாகப் பார்த்து ஒதுக்கிய அக்காமாருக்குத் தனியாக ஒரு கும்பிடு. நஞ்சு கூடுதலாகச் சேர்வது அந்தப் பருப்பில்தான். வறுத்தால் போய்விடும் என்று நினைப்பது பிழை.

சங்கத்தாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பயிற்சிப் பட்டறையும் சான்றிதழும் நல்லதுதான். ஆனால் சிறிய நிறுவனம் ஒன்று புதிதாக எதையும் செய்து பார்க்கப் பயப்படுவது அறிவு இல்லாமல் அல்ல. ஒரு முயற்சி பிழைத்துப்போனால் 50 கிலோ கச்சான் போகும், அந்த மாதச் சம்பளமும் அதோடு போகும். இந்த முறை சோதித்துப் பார்க்கவென்று அங்கத்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்த்துத் தந்தீர்களே 40 கிலோ, அதை வைத்துத்தான் துணிந்து கூரையில் காற்றுவழி வெட்டினோம். மாதிரிகளை எல்லா நிறுவனங்களுக்குமாக ஒரே பெட்டியில் கொழும்பு ஆய்வுகூடத்துக்கு அனுப்பியதும் அப்படித்தான், தனித்தனியாகப் போயிருந்தால் செலவு கட்டுப்படியாகியிராது.

அடுத்த அறுவடைக்கு நாங்களும் 40 கிலோ வைக்கிறோம், யார் எதைச் சோதித்தாலும் அது அவர்களுக்கு. திருத்திய உலர்த்தியின் அளவுகளைச் சங்க அலுவலகத்தில் கொடுத்திருக்கிறோம். படி எடுங்கள், காசு வேண்டாம். கட்டும்போது கூப்பிட்டால் ஒருவர் வந்து நிற்போம்.

ஐயா, உங்கள் போத்தலைத் திருப்பித் தர வந்தோம், நீங்கள் வாங்கவில்லை. கழுவிக் காயவைத்து, புது உப்போடு தராசுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம்.